கேட்டலினா.அவுட் 38 ஜிபி: அழிச்சும் இடம் வரல, லெவலைக் குறைச்சும் வேகம் குறையல

கேட்பாஸ்_தம்பி:

வணக்கம். திருவொற்றியூர்ல ஒரு கன்டெய்னர் யார்டோட கேட் பாஸ் அப்ளிகேஷன். உபுண்டு 22.04, ஜாவா 11, டாம்கேட் 9 (ஜாவா வெப் சர்வர்). பேக்கேஜா போட்டதில்ல, தார் கோப்பை விரிச்சு வெச்சது. சிஸ்டம்டி யூனிட் ஸ்டார்ட்அப்.எஸ்ஹெச்-ஐ ஓட்டுது. அதே மெஷின்ல முன்னால ப்ராக்ஸியா எஞ்சின்எக்ஸ்.

டிஸ்க் 50 ஜிபி. லாக்ஸ் ஃபோல்டர்ல கேட்டலினா.அவுட் மட்டும் 38 ஜிபி ஆயிடுச்சு. நேத்து ராத்திரி லாகிங்.ப்ராப்பர்ட்டீஸ்ல இன்ஃபோன்னு இருந்ததை எல்லாம் வார்னிங் ஆக்கி ரீஸ்டார்ட் பண்ணேன். துளியும் குறையல. காலைல டிஸ்க் ரொம்பி பாஸ் பிரிண்ட் நின்னதும் ஆர்எம் போட்டு கோப்பை அழிச்சேன். டியூ 9 ஜிபிதான்னு சொல்லுது, டிஎஃப் இன்னும் 100% காட்டுது. டெம்ப் ஃபோல்டரைக் காலி பண்ணி 200 எம்பி தேத்தி கேட்டை ஓட்டிட்டிருக்கோம். எண்ணூர் விரைவுச் சாலை வரைக்கும் ட்ரெய்லர் நிக்குது, இப்ப ரீஸ்டார்ட் பண்ண வழியே இல்ல.

கூடவே வேற மூணு தொல்லை. லாக்ல தமிழ் எல்லாம் கேள்விக்குறியா வருது. ஆக்சஸ் லாக்ல யார் வந்தாலும் 127.0.0.1 (அதே மெஷினோட முகவரி) தான். நாள் லாக் ராத்திரி 12க்கு மாறாம காலைல 5.30க்கு மாறுது. மாதிரிக்கு ரெண்டு வரி, அப்படியே:

ஹைபர்னேட்: இன்சர்ட் இன்டு கேட்_பாஸ் (வண்டி, டிரைவர், ஊர்) வேல்யூஸ் (?, ?, ?)
பாஸ் ஓகே ஊர்=????


காசிமேடு_கர்னல்:

முதல்ல இடத்தை மீட்போம் தம்பி. டாம்கேட்டை நிறுத்த வேண்டாம்.

ஆர்எம் எடுத்தது பெயரை மட்டும்தான். ஓடிட்டிருக்கிற ஜாவா அந்தக் கோப்பை இன்னும் திறந்து வெச்சிருக்கு. அது விடுற வரைக்கும் கர்னல் இடத்தைத் திருப்பித் தராது. டியூ பெயர் இருக்கிற கோப்புகளைத்தான் கூட்டும், டிஎஃப் ஃபைல் சிஸ்டத்தையே கேட்கும். ரெண்டுக்கும் கணக்கு ஒத்துப்போகலன்னா பெரும்பாலும் இதுதான் காரணம்.

சூடோ போட்டு எல்எஸ்ஓஎஃப் +எல்1 அடிங்க. பெயர் போயும் திறந்தே கிடக்கிற கோப்பெல்லாம் வரும். ஜாவா பேர்ல 1டபிள்யூ, 2டபிள்யூன்னு ரெண்டு வரி, ரெண்டுக்கும் ஒரே அளவு, கடைசியில டெலிட்டட்னு இருக்கும். ஒண்ணு ஸ்டாண்டர்ட் அவுட்புட், இன்னொண்ணு எரர். அந்த பிராசஸ் எண்ணை எடுத்து, சூடோ ட்ரன்கேட் -எஸ் 0, அதுக்கப்புறம் /ப்ராக்/எண்/எஃப்டி/1. அவ்வளவுதான், 38 ஜிபி அந்த நொடியே திரும்பிடும்.

சூடோ போட்டுட்டு அம்புக்குறியால காலி பண்ணப் பார்க்காதீங்க, அனுமதி இல்லன்னு வரும். அம்புக்குறியைக் கவனிக்கிறது உங்க ஷெல், சூடோ இல்ல. இன்னொண்ணு: கோப்பு இப்பவும் பெயரில்லாததுதான். அடுத்த ரீஸ்டார்ட் வரைக்கும் அதைப் படிக்கணும்னா அதே எஃப்டி/1 மேல டெயில் போட்டுத்தான் படிக்கணும். கேட் ஓய்ஞ்ச நேரத்துல ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணுங்க, பெயரோட புதுசா வந்துடும்.

லெவலைக் குறைச்சும் ஏன் நிக்கல? கேட்டலினா.அவுட் டாம்கேட்டோட லாக்கே இல்ல. கேட்டலினா.எஸ்ஹெச் ஜாவாவைக் கிளப்பும்போது அதோட ஸ்டாண்டர்ட் அவுட்புட், எரர் ரெண்டையும் இரட்டை அம்புக்குறியால ஒரு கோப்புக்குத் திருப்பிவிடுது. அந்தக் கோப்புதான் அது. அதை நாள்வாரியா மாத்தறதும் டாம்கேட் இல்ல, அழிக்கிறதும் டாம்கேட் இல்ல. தேதி போட்ட கேட்டலினா லாக், லோக்கல்ஹோஸ்ட் லாக் மாதிரி டாம்கேட்டோட சொந்தப் பதிவுகளைத்தான் லாகிங்.ப்ராப்பர்ட்டீஸ் ஆளுது.

அதனால லெவலைத் தொடறதுக்கு முன்னாடி வரியோட முகத்தைப் பாருங்க. தேதி, மில்லிசெகண்ட், லெவல், சதுர அடைப்புல த்ரெட் பெயர்னு வந்தா அது டாம்கேட்டோட சொந்த லாகரான ஜூலி எழுதினது. உங்க ரெண்டு வரியிலும் தேதியே இல்ல. ரெண்டும் சிஸ்டம்.அவுட்ல நேரா துப்பினது. எந்த லாகரும் நடுவுல இல்லாதப்ப எந்த லெவலும் அதைத் தடுக்காது.

ஹைபர்னேட்னு (டேட்டாபேஸோட பேசற ஜாவா லைப்ரரி) ஆரம்பிக்கிற வரி, பெர்சிஸ்டன்ஸ் கோப்புல ஷோ_எஸ்க்யூஎல் ட்ரூன்னு இருக்கிறதால வருது. 38 ஜிபியில முக்கால்வாசி அதுவாத்தான் இருக்கும். அதை ஃபால்ஸ் ஆக்குங்க. எஸ்க்யூஎல் பார்க்கணும்னா ஓஆர்ஜி.ஹைபர்னேட்.எஸ்க்யூஎல்-ங்கிற லாகரை தேவைப்படும்போது மட்டும் டீபக் பண்ணுங்க. அது முறைப்படி லாகர் வழியா வரும், நிறுத்தவும் முடியும். "பாஸ் ஓகே" உங்க கோடுல யாரோ போட்ட பிரிண்ட்எல்என். தேடி எடுங்க.

லாகிங்.ப்ராப்பர்ட்டீஸ்ல மாத்தினதை எல்லாம் பழையபடி இன்ஃபோவுக்கே கொண்டுவாங்க. வார்னிங்ல வெச்சா டாம்கேட் எத்தனை மில்லிசெகண்ட்ல கிளம்புச்சு, எந்த வார் கோப்பு (அப்ளிகேஷன் பொட்டலம்) எப்ப ஏறுச்சுங்கிறது எல்லாம் காணாம போயிடும், ஒரு எம்பி கூட மிச்சமாகாது.


தண்டையார்பேட்டை_டெயில்:

கர்னல் அண்ணன் சொன்ன முகம் பார்க்கிற வேலையை கேள்விக்குறிக்கும் செய்யணும். உங்க மாதிரியில ரெண்டு வகை இருக்கு. அடைப்புக்குள்ள கமா போட்டுத் தனித்தனியா நிக்கிறது தமிழ் உடைஞ்சதில்ல; எஸ்க்யூஎல்லோட பைண்ட் இடம் (மதிப்பு பின்னாடி வந்து உட்கார்ற இடம்), இங்கிலீஷ்ல பேர் போட்டாலும் அப்படித்தான் வரும். சேர்ந்து நிக்கிற நாலுதான் உடைஞ்சது. ஊர் மணலி, சரியா? ம, ண, ல, இகரக் கொக்கி: நாலு யூனிகோட் குறி, நாலு கேள்விக்குறி. எழுதும்போதே போயிடுச்சு, எந்த எடிட்டர்ல திறந்தாலும் திரும்ப வராது.

டாம்கேட் 9ன் இப்போதைய வெளியீடுகளோட வர்ற லாகிங்.ப்ராப்பர்ட்டீஸ்ல ஃபைல் ஹேண்ட்லருக்கும் கன்சோல் ஹேண்ட்லருக்கும் என்கோடிங் யூடிஎஃப்-8 என்றே இருக்கு. அதனால லாகர் வழியா வர்ற தமிழ் சரியா விழும், பிரிண்ட்எல்என் தமிழ் மட்டும் உடையும். ஜாவா 11 அதுக்கு லொகேல் பார்த்து என்கோடிங் எடுக்குது. சர்வீஸ் லொகேல் போசிக்ஸ்னு இருந்தா வெறும் ஆஸ்கி. டாம்கேட் எந்த யூசர்ல ஓடுதோ அந்த யூசராவே ஜேசிஎம்டி, பிராசஸ் எண், விஎம்.சிஸ்டம்_ப்ராப்பர்ட்டீஸ்னு அடிச்சு ஃபைல்.என்கோடிங் என்னன்னு பாருங்க. ஆன்சி_எக்ஸ்3.4-1968னு வந்தா குற்றவாளி கிடைச்சாச்சு.

பின் ஃபோல்டர்ல செட்என்வ்.எஸ்ஹெச்-னு ஒரு கோப்பு புதுசா போடுங்க (இயல்பா இருக்காது, இருந்தா கேட்டலினா.எஸ்ஹெச் தானே படிக்கும்). அதில் கேட்டலினா_ஆப்ட்ஸ்ல -டிஃபைல்.என்கோடிங்=யூடிஎஃப்-8, -டியூசர்.டைம்ஜோன்=ஆசியா/கொல்கத்தா ரெண்டையும் சேருங்க. ஜாவா_ஆப்ட்ஸ்ல போடாதீங்க, அது நிறுத்தற கட்டளைக்கும் போய் ஒட்டும். ரெண்டாவது சேர்த்ததுதான் உங்க 5.30 மணிக்கு மருந்து. ஜேவிஎம் யூடிசி-ல ஓடுது. அதோட நடுராத்திரி நமக்கு காலை 5.30. ஒண்ணு மட்டும்: புது நாள் கோப்பு 12 மணி அடிச்ச உடனே பிறக்காது, நாள் மாறினப்புறம் முதல் பதிவு வரும்போதுதான் பிறக்கும். ஞாயித்துக்கிழமை கேட் மூடியிருந்தா ஆக்சஸ் லாக்ல அந்த நாளே இல்லாம போகலாம், பதறாதீங்க.

பின்னாடி ஜாவா 18 தாண்டிப் போனா ஃபைல்.என்கோடிங் இயல்பாவே யூடிஎஃப்-8. ஆனா சிஸ்டம்.அவுட்டுக்கு அது பொருந்தாது. ஜாவா 19லருந்து எஸ்டிடிஅவுட்.என்கோடிங்னு தனியா ஒண்ணு இருக்கு, அதைக் கொடுக்கணும்.

127.0.0.1க்கு: எஞ்சின்எக்ஸ்ல எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் ஹெடரை அனுப்பறீங்களான்னு முதல்ல பாருங்க. சர்வர்.எக்ஸ்எம்எல்ல ஹோஸ்ட்டுக்குள்ள ரிமோட்ஐபிவால்வ் சேருங்க. அது மட்டும் போட்டுட்டு "இன்னும் 127 தான் வருது"ன்னு திரும்பி வர்றவங்கதான் அதிகம். ஏற்கெனவே இருக்கிற ஆக்சஸ்லாக்வால்வ்ல ரிக்வெஸ்ட்ஆட்ரிப்யூட்ஸ்எனேபிள்ட்=ட்ரூ போட்டாத்தான் அது புது முகவரியை எடுத்துக்கும். உள்வலை 10., 192.168., 127. எல்லாம் நம்பகமான ப்ராக்ஸின்னு இயல்பாவே பட்டியல்ல இருக்கு, தனியா எழுத வேண்டாம்.

அந்த வால்வோட பேட்டர்ன்ல கைவைக்கும்போது இன்னும் ரெண்டு வேலை. இயல்பா இருக்கிற %ஆர் முழு ரிக்வெஸ்ட் வரியையும் எழுதும், கேள்விக்குறிக்கு அப்புறம் வர்ற டிரைவர் போன் நம்பர் உட்பட. அதை எடுத்துட்டு %எம் %யு %ஹெச் போடுங்க (எம் சின்ன எழுத்து, மத்த ரெண்டும் பெரிய எழுத்து). பாதை மட்டும் பதியும். கடைசியில %டி சேருங்க, டெல்டா டி (பெரிய எழுத்து), ரிக்வெஸ்டுக்கு ஆன நேரம். டாங்கோ டி போட்டா வினாடிக் கணக்கு, இதுக்கு உதவாது. எந்தப் பக்கம் இழுக்குதுன்னு டெல்டா டி சொல்லிடும்.

வால்வ் எழுதறதைத் தேக்கி வெச்சுத்தான் எழுதும், பஃபர்ட் இயல்பா ட்ரூ. டெயில் போட்டு பார்த்துட்டு "ரிக்வெஸ்டே வரல"ன்னு எஞ்சின்எக்ஸைப் பிரிச்சுப் போடாதீங்க.


பெரம்பூர்_பைப்:

ஒரு திருத்தம்: டெல்டா டி டாம்கேட் 9ல் மில்லிசெகண்ட், 10.1ல் மைக்ரோசெகண்ட். மேம்படுத்திய மறுநாள் எல்லாப் பக்கமும் ஆயிரம் மடங்கு மெதுவானது போல் தெரியும்.

கேட்டலினா.அவுட்டை /டெவ்/நல்லுக்குத் திருப்பிவிடுங்கள் என்று யாராவது வந்து சொல்வதற்குள் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். சர்வர் உறைந்து நிற்கும்போது கில் -3 அடித்தால் த்ரெட் டம்ப் (அந்தக் கணத்தில் ஒவ்வொரு த்ரெட்டும் எங்கே நிற்கிறது என்ற பட்டியல்) ஸ்டாண்டர்ட் அவுட்புட்டில்தான் வந்து விழும். அதைக் குப்பையில் கொட்டினால் உறைந்ததற்கான ஒரே சாட்சியும் போகும். கோப்பு இருக்கட்டும், அதில் வந்து சேர்வதைக் குறையுங்கள்.

ஷோ_எஸ்க்யூஎல்லுக்கு அடுத்து குறைக்க வேண்டியது இரட்டைப் பதிவு. லாகிங்.ப்ராப்பர்ட்டீஸில் புள்ளியில் தொடங்கும் ஹேண்ட்லர்ஸ் வரியில் 1கேட்டலினா, கன்சோல்ஹேண்ட்லர் இரண்டும் இருக்கும். அதனால் ஒவ்வொரு பதிவும் தேதியிட்ட கோப்பில் ஒன்று, கேட்டலினா.அவுட்டில் ஒன்று என்று இரண்டு முறை எழுதப்படுகிறது. அந்த வரியிலிருந்து கன்சோல்ஹேண்ட்லரை மட்டும் எடுங்கள். மேலே உள்ள நீளமான ஹேண்ட்லர்ஸ் வரி வெறும் அறிவிப்பு, அதைத் தொட வேண்டாம்.

மிச்சத்துக்கு லாக்ரொட்டேட் (லாக் கோப்புகளைச் சுழற்சியில் மாற்றும் கருவி). கேட்டலினா.அவுட்டுக்கு மட்டும் ஒரு கோப்பு எழுதுங்கள்: டெய்லி, ரொட்டேட் 14, மேக்ஸ்சைஸ் 500எம், கம்ப்ரஸ், மிஸ்ஸிங்ஓகே, காப்பிட்ரன்கேட். கடைசிச் சொல் (நகல் எடுத்துவிட்டு மூலக் கோப்பை இருந்த இடத்திலேயே காலி செய்வது) கட்டாயம். அது இல்லாமல் பெயரை மட்டும் மாற்றினால் ஜாவா பழைய கோப்பிலேயே எழுதிக்கொண்டிருக்கும், இன்று காலை நடந்ததன் இன்னொரு வடிவம். எங்கே இடறும் என்றால்:

சைஸ் என்று எழுதினால் டெய்லி செல்லாது. மேக்ஸ்சைஸ்தான் இரண்டையும் சேர்த்துப் பார்க்கும். உபுண்டுவில் லாக்ரொட்டேட் நாளுக்கு ஒருமுறைதான் ஓடும் என்பதால் நண்பகலில் 500 எம்பி தாண்டினாலும் நள்ளிரவு வரை யாரும் கவனிக்க மாட்டார்கள். வேண்டுமானால் டைமரை மணிக்கு ஒருமுறையாக்குங்கள். காப்பிட்ரன்கேட் முதலில் முழு நகல் எடுக்கும். கோப்பு 38 ஜிபி, காலியிடம் 2 ஜிபி என்றால் நகல் பாதியில் நிற்கும். நகலுக்கும் வெட்டுக்கும் இடைப்பட்ட கணத்தில் எழுதிய சில வரிகள் தொலையலாம், இந்தக் கோப்புக்கு அது பெரிய விஷயமில்லை. லாக்ஸ் ஃபோல்டரில் குரூப்புக்கு எழுதும் உரிமை இருந்தால் லாக்ரொட்டேட் "பாதுகாப்பில்லை" என்று மறுத்துவிடும். எஸ்யூ டாம்கேட் டாம்கேட் என்ற வரியைச் சேர்த்தால் சம்மதிக்கும். எழுதியதும் -டி போட்டு ஒத்திகை பாருங்கள், அப்போது எதையும் தொடாது.

அப்ளிகேஷனின் சொந்த லாக் எது என்று நீங்கள் சொல்லவே இல்லை. வெப்-இன்ஃப்/லிப் ஃபோல்டரில் லாக்பேக், லாக்4ஜே என்று லாகிங் லைப்ரரி ஜார் ஏதாவது இருக்கிறதா?


கேட்பாஸ்_தம்பி:

கர்னல் அண்ணே, ட்ரன்கேட் அடிச்சதும் டிஎஃப் 19%க்கு வந்துடுச்சு. கேட் நிக்கவே இல்ல. மதியம் சாப்பாட்டு நேரத்துல ஷோ_எஸ்க்யூஎல் எடுத்துட்டு, செட்என்வ் போட்டு ரீஸ்டார்ட் பண்ணேன். அரை மணி நேரத்துல கேட்டலினா.அவுட் 60 கேபி. மணலி மணலியாவே வருது.

பைப் அண்ணே, லாக்பேக் ஜார்தான் இருக்கு. லாக்பேக்.எக்ஸ்எம்எல்ல கன்சோல் அப்பெண்டர் மட்டும் இருக்கு.

இப்ப புதுசா ஒண்ணு. டெஸ்ட் மெஷின்ல அதே வாரை ஏத்தினா 404. கேட்டலினா லாக்ல "ஒன் ஆர் மோர் லிஸனர்ஸ் ஃபெயில்ட் டு ஸ்டார்ட்"னு சிவியர் ஒண்ணு மட்டும். எந்த லிஸனர், ஏன்னு ஒண்ணுமே இல்ல. எல்லா லெவலையும் ஃபைனஸ்ட் ஆக்கிப் பார்க்கட்டுமா?


காசிமேடு_கர்னல்:

வேண்டாம். அந்த வரியோட மிச்சப் பாதியைப் படிச்சீங்களா? முழு விவரம் அந்த கன்டெய்னரோட லாக்ல இருக்குன்னு அதுவே சொல்லுது. தேதி போட்ட லோக்கல்ஹோஸ்ட் லாகைத் திறங்க, ஸ்டாக் ட்ரேஸ் மொத்தமும் அங்க கிடக்கும். கடைசியா வர்ற "காஸ்ட் பை"லருந்து மேல படிச்சுட்டு போங்க. ஆக்சஸ் லாக்கும் லோக்கல்ஹோஸ்ட்னுதான் ஆரம்பிக்கும், அதைத் திறந்து வெச்சுட்டு தேடாதீங்க.

ஃபைனஸ்ட் போட்டா இன்னொரு ஆபத்து. ஃபைல் ஹேண்ட்லர் அசிங்க் வகை: 10,000 பதிவு வரைக்கும் வரிசையில வெச்சுக்கும், அதுக்கு மேல வந்தா சத்தமில்லாம விட்டுடும். தேடற வரியே அதுல போயிடலாம். லெவல் ஏத்தித்தான் ஆகணும்னா ஒரே ஒரு பேக்கேஜுக்கு ஏத்துங்க. அப்பவும் ரெண்டு கதவு இருக்கு: லாகரோட லெவல் ஒண்ணு, ஹேண்ட்லரோட லெவல் ஒண்ணு. லாகரை ஃபைன் ஆக்கிட்டு ஹேண்ட்லரை இன்ஃபோல விட்டா ஒரு வரியும் வராது.


பெரம்பூர்_பைப்:

லாக்பேக் என்றால் டாம்கேட்டின் லாகிங்.ப்ராப்பர்ட்டீஸுக்கும் உங்கள் அப்ளிகேஷனுக்கும் சம்பந்தமே இல்லை. நேற்று ராத்திரி செய்த மாற்றம் பலிக்காததற்கு அது இரண்டாவது காரணம். கன்சோல் அப்பெண்டரும் கேட்டலினா.அவுட்டில்தான் கொட்டுகிறது. அதற்குப் பதில் ரோலிங்ஃபைல்அப்பெண்டர், சைஸ்அண்ட்டைம்பேஸ்ட் பாலிசி: மேக்ஸ்ஃபைல்சைஸ் 100எம்பி, மேக்ஸ்ஹிஸ்டரி 180, டோட்டல்சைஸ்கேப் 10ஜிபி. கோப்புப் பெயர் பேட்டர்னில் %டி (தேதி), %ஐ (வரிசை எண்) இரண்டும் இருக்க வேண்டும். %ஐ விட்டுப்போனால் இந்தப் பாலிசி வேலை செய்யாது. பெயரை .ஜிஇசட் என்று முடித்தால் சுருக்குவதையும் அதுவே பார்த்துக்கொள்ளும். மேலே ஸ்கேன்=ட்ரூ, ஸ்கேன்பீரியட் 30 செகண்ட்ஸ் வைத்தால் லெவல் மாற்ற ரீஸ்டார்ட்டே வேண்டாம்.

180 என்ற எண் சும்மா போட்டதல்ல. 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் கொடுத்த உத்தரவுப்படி (தகவல் தொழில்நுட்பச் சட்டம் 70பி பிரிவின் கீழ் வந்தது) நிறுவனங்கள் தங்கள் கணினி அமைப்புகளின் லாக்குகளை 180 நாள் சுழற்சியில் பாதுகாத்து வைக்க வேண்டும். டாம்கேட்டோடு வரும் லாகிங்.ப்ராப்பர்ட்டீஸில் மேக்ஸ்டேஸ் 90. பாதிதான். நான்கு ஹேண்ட்லரிலும் 180 ஆக்குங்கள். ஆக்சஸ் லாக் நேர் எதிர்: அதன் மேக்ஸ்டேஸ் இயல்பாக -1, என்றைக்கும் அழிக்காது. கடிகாரத்தையும் என்ஐசி (தேசிய தகவலியல் மையம்) அல்லது என்பிஎல் (தேசிய இயற்பியல் ஆய்வகம்) நேர சர்வரோடு ஒத்துப்போக வைக்கச் சொல்கிறது அதே உத்தரவு.

பிரதியை வேறொரு இடத்திலும் வையுங்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எண்ணூர், மணலி பக்கம் தண்ணீர் எப்படி நின்றது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தரைத்தள ரேக்கில் 180 நாள் லாக் இருப்பது கணக்கில் சேராது.


கேட்பாஸ்_தம்பி:

லோக்கல்ஹோஸ்ட் லாக்லதான் இருந்தது, டெஸ்ட் மெஷின்ல டேட்டாபேஸ் டிரைவர் ஜார் இல்ல. நன்றி அண்ணே.

180 நாள் அப்படியே வெச்சா இடம் பத்தாது. ராத்திரி க்ரான்ல ஃபைண்ட் போட்டு .லாக்-னு முடியற, -எம்டைம் +1 ஆன கோப்பை ஜிஜிப் பண்ணி விட்டுடட்டுமா? மேக்ஸ்டேஸ் 180 ஆனதும் அதுவே அழிச்சுடும் இல்ல?


தண்டையார்பேட்டை_டெயில்:

அழிக்காது. மேக்ஸ்டேஸ் முன்னொட்டு, தேதி, பின்னொட்டு மூணும் அச்சு அசலா பொருந்தற பெயரைத்தான் தொடும். .ஜிஇசட் ஒட்டின அடுத்த நொடி அது டாம்கேட்டுக்கு அந்நியக் கோப்பு. சுருக்கினா அழிக்கிற பொறுப்பும் உங்களுதுதான்: இன்னொரு ஃபைண்ட், .ஜிஇசட்னு முடியறது, -எம்டைம் +180, -டெலிட். ஜிஜிப் பழைய நேரத்தையே கோப்புல விட்டுவைக்கும், அதனால நாள் கணக்கு பிசகாது.

அப்புறம் .லாக்னு மட்டும் தேடினா ஆக்சஸ் லாக் சிக்காது. அது .டிஎக்ஸ்டி-ல முடியும்.